21 வாரம் தாண்டிவிட்டது, கோர்ட் ஆர்டர் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாதா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை. மாதவிலக்கு எப்போதுமே தள்ளித்தான் வரும் என்பதால் கர்ப்பம் என்றே தெரியாமல் இருந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன பையன் இப்போது போனையே எடுப்பதில்லை. நேற்று எடுத்த ஸ்கேனில் 21 வாரம் 4 நாள் என்று வந்திருக்கிறது. நர்சிங் ஹோமில், "20 வாரம் தாண்டிவிட்டது, கோர்ட் ஆர்டர் வாங்கி வாருங்கள், அப்பா கையெழுத்தும் வேண்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியில் நின்ற ஒருவர், ஹைகோர்ட்டில் ஆர்டர் வாங்கித் தர 60 ஆயிரம் ஆகும், அட்வான்ஸ் 20 ஆயிரம் என்கிறார். அப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. கருக்கலைப்பே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 20 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் போகட்டும், திரும்ப வாங்கும் வேலையை அப்புறம் பார்க்கலாம், இப்போது அவர் பின்னால் அலைய உங்களிடம் நாள் இல்லை. ஸ்கேன் எடுத்த அன்று 21 வாரம் 4 நாள் என்றால் 24 வாரம் முடிய 17 நாள்தான். அந்த 17 நாளைத்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் தங்கைக்குக் கோர்ட் ஆர்டர் தேவையில்லை. அப்பா கையெழுத்தும் தேவையில்லை. அந்தப் பையனுடைய கையெழுத்தும் தேவையில்லை. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றுதான் சட்டம் கேட்பது, அதை அவளே எழுதிக் கொடுத்தால் போதும். திருமணமான பெண்ணுக்குக்கூட கணவன் கையெழுத்து வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரிகள் தங்கள் பாதுகாப்புக்காக நடைமுறையாக்கி வைத்திருக்கும் வழக்கம் அது. இப்படிச் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போட்டுப் பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2022-இல் சொல்லிவிட்டது.

சட்டத்தை எளிதாகச் சொல்கிறேன். 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். அதன்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20-இலிருந்து 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த இடத்தில் நீதிபதிக்கு வேலையே கிடையாது. இந்த 20-24 வாரம் எல்லோருக்கும் இல்லை, விதிகளில் சொல்லியிருக்கும் சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும்தான். நர்சிங் ஹோம்காரர்கள் பயந்தது இதற்காகத்தான் இருக்கும். பட்டியலில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள் என்று வரிசையாக இருக்கும். "திருமணமாகாத பெண்" என்ற வார்த்தை அதில் இருக்காது.

ஆனால் அந்தக் கேள்விக்குத்தான் 2022 செப்டம்பர் 29 அன்று பதில் வந்தது. உங்கள் தங்கையின் கதையும் அந்த வழக்கின் கதையும் கிட்டத்தட்ட ஒன்று. டெல்லியில் 25 வயதுப் பெண், திருமணமாகாதவர், கூட இருந்தவர் கல்யாணம் செய்துகொள்ள மறுத்துவிட்டுப் போய்விட்டார், வயிற்றில் 20 வாரத்தைத் தாண்டிய கரு. டெல்லி ஹைகோர்ட், நீங்கள் பட்டியலில் வரவில்லை என்று கைவிரித்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு, கல்யாணமான பெண்ணுக்கு ஒரு சட்டம், ஆகாத பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று பிரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கர்ப்ப காலத்தில் வாழ்க்கைச் சூழ்நிலையே மாறிப்போன எல்லாப் பெண்களுக்கும், துணை கைவிட்டுப் போனது உட்பட, அந்த 24 வாரம் பொருந்தும் என்று பட்டியலை விரித்துப் படித்தது. ஆகவே உங்கள் தங்கைக்கு வேண்டிய கோர்ட் ஆர்டர் 2022-லேயே வந்துவிட்டது. அதையே இன்னொரு முறை வாங்கித் தருகிறேன் என்றுதான் அந்த ஆள் 60 ஆயிரம் கேட்கிறார்.

இந்த ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி வாசல், ஸ்கேன் சென்டர் பக்கத்து டீக்கடை, கோர்ட் வளாகம், எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஒரு நர்ஸையோ, ஆட்டோக்காரரையோ, எங்கள் வக்கீல் தொழிலில் இருப்பவரையோ தெரியும் என்பார்கள். பணம் போவதைவிட நாள் போவதுதான் பெரிய ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்டில் நீங்கள் ஒரு ரிட் மனு போட்டுவிட்டால், அடுத்த நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "விஷயம் கோர்ட்டில் இருக்கிறது, ஆர்டர் வரட்டும்" என்பார்கள். மனு பட்டியலில் வர வேண்டும், அரசு வக்கீல் அவகாசம் கேட்பார், கோர்ட் மருத்துவக் குழுவைப் பார்க்கச் சொல்லும், குழு கூட வேண்டும், அறிக்கை வர வேண்டும், நடுவில் ஒரு சனி ஞாயிறு. இரண்டு டாக்டர்கள் ஒரே நாளில் முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம் 24 வாரத்தைத் தாண்டிவிடும். தேவையில்லாமல் போட்ட மனுவால் தேவையான வாய்ப்பு போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகை ஆள் வருவார். "பெற்றுக் கொடுங்கள், குழந்தை இல்லாத தம்பதி இருக்கிறார்கள், செலவும் பார்த்து லட்சக்கணக்கில் தருவார்கள்" என்பார். அது குழந்தை விற்பனை, ஜெயிலுக்குப் போகிற குற்றம், உங்கள் தங்கையும் சிக்குவாள். அவளே பெற்றுத் தத்துக் கொடுக்க விரும்பினால் அதற்குக் குழந்தைகள் நலக் குழு மூலமாகச் சட்டப்படியான வழி இருக்கிறது, அதில் யாருக்கும் ஒரு பைசா கைமாறாது. மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை கிட் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். அந்த மாத்திரை 9 வாரம் வரைக்கும்தான், அதுவும் டாக்டர் சீட்டோடு. 21 வாரத்தில் வீட்டில் வைத்துப் போட்டால் ரத்தப்போக்கில் உயிரே போகலாம்.

சரி, சுப்ரீம் கோர்ட் கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டது. நீங்கள் கேள்விப்பட்டது 2023 அக்டோபர் வழக்காக இருக்கும். திருமணமான 27 வயதுப் பெண், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள், பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். 26 வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் 9 அன்று இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள். எய்ம்ஸ் டாக்டர் ஒருவர், சிசு உயிர் பிழைக்க வாய்ப்பிருக்கிறது என்று எழுதியதும் விஷயம் திரும்ப வந்தது. 11-ஆம் தேதி அதே இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நீதிபதி ஹிமா கோலி, என் மனசாட்சி இனி இடம் தரவில்லை என்ற நிலையை எடுத்தார், நீதிபதி நாகரத்னா, அந்தப் பெண் எடுத்த முடிவை மதிக்க வேண்டும் என்றார். 16-ஆம் தேதி தலைமை நீதிபதி அமர்வு மறுத்துவிட்டது. 24 வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, சிசுவுக்குக் குறையில்லை என்பவைதான் காரணங்கள். அது 24 வாரத்துக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை. உங்கள் தங்கை இந்தப் பக்கம் இருக்கிறாள். அந்தத் தீர்ப்பு அவளைத் தொடாது.

அமெரிக்காவில் தடை போட்டார்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே 1973-இல் நீதிமன்றம் கொடுத்த உரிமையை 2022 ஜூனில் அதே நீதிமன்றமே எடுத்துவிட்டது. நம் ஊரில் இதைக் கொடுத்தது பாராளுமன்றம், அங்கே வந்த தீர்ப்பு இங்கே செல்லாது.

2023 வழக்கில் அந்த இரண்டு நீதிபதிகளும் பிரிந்தது பற்றி எனக்கு அவர்கள் மீது கோபம் இல்லை. வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடிய சிசுவை என்ன செய்வது என்பது கஷ்டமான கேள்விதான், அதில் மனம் தடுமாறுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் வேறு இடத்தில். பாராளுமன்றம் தெளிவாக டாக்டரிடம் கொடுத்த முடிவை, டாக்டர் பயந்துபோய் கோர்ட்டுக்குத் தள்ளுகிறார். கோர்ட் திரும்ப டாக்டர் குழுவிடம் கேட்கிறது. நடுவில் ஒரு பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். பாலினம் பார்த்துக் கலைத்த கேஸ் என்று சந்தேகம் வந்துவிடுமோ, லைசென்ஸ் போய்விடுமோ என்று டாக்டர்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்தின் விலையை நோயாளி ஏன் கொடுக்க வேண்டும்?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். மஞ்சள் பையிலிருந்து ஐந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார் அந்த அம்மா. சிசுவுக்கு மூளை சரியாக உருவாகவில்லை என்று முதல் ரிப்போர்ட்டிலேயே இருந்தது, 20 வாரம் 6 நாள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி, கடைசி ரிப்போர்ட்டில் 25 வாரம் 1 நாள். ஒரு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பென்சிலில் "கோர்ட் ஆர்டர்" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்கள், கையெழுத்து இல்லை, தேதி இல்லை. முதல் நான்கு இடத்தில் எங்கேயாவது இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அந்தத் தம்பதி விஷயத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்றால் 24 வாரத்துக்குப் பிறகும்கூட கோர்ட் தேவையில்லை. 2021 திருத்தம் அதற்கென்றே மாநில அரசின் மருத்துவக் குழுவை வைத்திருக்கிறது. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் எல்லாம் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் கிடைத்த 3 நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும், சரி என்றால் விண்ணப்பம் கிடைத்த 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். வார வரம்பே இல்லை. 25 வாரமானாலும் 28 வாரமானாலும் குழுதான். குடும்பங்கள் கோர்ட் படி ஏறக் கூடாது என்பதற்காகவே கொண்டுவந்த ஏற்பாடு இது, ஆனாலும் இன்றைக்கும் "கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் பல இடத்தில் பழக்கதோஷமாகச் சொல்கிறார்கள். குழுவுக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கேளுங்கள். கடைசியில் அந்த அம்மாவுக்கும் கோர்ட் சொல்லி ஒரு குழு பார்த்துத்தான் நடந்தது. "அப்போ முதல் ஆஸ்பத்திரியிலேயே செய்திருக்கலாமா மேடம்?" என்று கேட்டார். செய்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

இனி நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. திரும்ப நர்சிங் ஹோம்களில் அலையாமல் நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு ஓ.பி.க்குக் காலையிலேயே போங்கள். 20 வாரத்துக்கு மேல் செய்ய ஆளும் வசதியும் எல்லாச் சின்ன இடத்திலும் இருக்காது, அங்கே இருக்கும். தங்கையின் ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், கடைசி மாதவிலக்கு தேதி நினைவிருந்தால் அது. இவ்வளவு போதும். ஓரிரு நாள் வார்டில் தங்கும்படி இருக்கும், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் "வேண்டாம், கலைத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. 20 வாரத்துக்கு மேலே, கர்ப்பம் தொடர்ந்தால் அவள் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர்கள் கருத வேண்டும். அவளுடைய சூழ்நிலையைக் கணக்கில் எடுக்கச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே தூக்கம் இல்லை, சாப்பிடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான், எது உண்மையோ அதையெல்லாம் வெட்கப்படாமல் அவள் சொல்லட்டும், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். ஆறு வாரத்தில் வந்தாலும் இந்த நாட்டில் ஒரு பெண் இப்படி ஒரு டாக்டரைச் சம்மதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். அது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் இதுதான். அவள் பெயரை வெளியே சொல்வது தண்டனைக்குரிய குற்றம், போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவள் விஷயத்தில் இல்லை.

மறுத்தால் வாயால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் வயது, எத்தனை வாரம், துணை கைவிட்டது, கருக்கலைப்பு கேட்கிறேன், 2022 செப்டம்பர் 29 தீர்ப்பின்படி தகுதி உண்டு என்று நாலு வரி எழுதி, தங்கை கையெழுத்துப் போட்டு, டீன் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். பாதி இடத்தில் இந்தத் தாளைப் பார்த்ததுமே வேலை நடக்கும். இரண்டு நாளில் அசையவில்லை என்றால் மட்டும் கோர்ட். அப்போதும் புரோக்கர் வேண்டாம், இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, சீல் வாங்கிய அந்த நகல்தான் உங்கள் முதல் ஆதாரம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், தங்கை எழுதவில்லை. அவளிடம் தனியாக உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? இன்று இரவே கேளுங்கள். நாளை டாக்டர் அவளிடம் பேசும்போது நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள்.