ஆம்புக்குப் பின்னால் இருக்கிற இரண்டு ஜாக்: சீரியல் லூப்பா, பரலல் லூப்பா?

மலையகத்தில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில், ட்யூப் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப் (ஒலியை சென்ட் ஜாக்கால் பெடலுக்கு அனுப்பி, ரிட்டர்ன் ஜாக்கால் திரும்பப் பெறும் பாதை) பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

பண்டாரவளை: அண்ணே, ஆம்புக்குப் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கு. நான் டிலே பெடலை முன்னால்தான் போடுறேன். பின்னால் மாற்றினால் என்ன கிடைக்கும்?

கிளீனாக வாசிப்பவர் என்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அப்படியே விடுங்கள். டிஸ்டோர்ஷனை (கரகரப்பான ஒலியை) ஆம்பின் முதல் கட்டமான பிரீஆம்பிலேயே எடுப்பவர் என்றால் வித்தியாசம் உடனே கேட்கும். முன்னால் போட்ட டிலேயின் எதிரொலிகளும் நீங்கள் வாசிக்கிற சுரமும் ஒன்றாகப் பிரீஆம்புக்குள் போய் நசுங்கிக் குழம்பிவிடும். லூப் இருப்பது பிரீஆம்புக்கும், ஸ்பீக்கரை இயக்குகிற கடைசிக் கட்டமான பவர் ஆம்புக்கும் நடுவில். அங்கே போட்டால், டிஸ்டோர்ஷன் ஆகி முடிந்த ஒலிக்குத்தான் எதிரொலி சேரும், அதனால் தெளிவாகக் கேட்கும்.

ஒன்று மட்டும்: பவர் ட்யூப்களை அலறவிட்டு டிஸ்டோர்ஷன் எடுக்கிற பழைய பாணி ஆம்பில் லூப் இருந்தும் அவ்வளவு பலன் இல்லை. எதிரொலி எப்படியும் அந்தக் கடைசிக் கட்டத்தில் போய் நசுங்கும்.

பதுளை: சேர், சாதாரண தரத்தில் பல்புகளைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைத்தோமே, அதே கதைதானா இது?

பாதையைப் பொறுத்தவரை அதேதான். சீரியல் லூப்பில் முழு ஒலியும் வெளியே போய், பெடலைக் கடந்து, திரும்பி வரவேண்டும். பரலல் லூப்பில் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு ஆம்புக்குள்ளேயே நேராகப் போகிறது, மற்றது பெடலுக்குப் போய் வந்து அதோடு கலக்கிறது. எவ்வளவு கலப்பது என்பது மிக்ஸ் குமிழின் வேலை.

உங்கள் ஆம்ப் எந்த வகை என்று பார்க்க, வொலியூமைக் குறைத்து, மிக்ஸ் இருந்தால் நடுவில் வைத்து, ரிட்டர்னில் மட்டும் ஒரு கேபிளைச் சொருகுங்கள். மறுமுனை சும்மா கிடக்கட்டும். கிட்டார் சத்தம் நின்றுபோனால் சீரியல், தொடர்ந்து கேட்டால் பரலல்.

ஹட்டன்: அண்ணே, மிக்ஸ் குமிழ் உள்ள ஆம்ப் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டிலே பெடலை லூப்பில் போட்டதும் சத்தம் மெலிந்து தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. பெடல் பழுதா?

பெடலில் பழுது இருக்காது தம்பி. பரலல் லூப்பைப் பற்றி வருகிற முறைப்பாடுகளில் பாதி இதுதான்.

உங்கள் பெடல் எதிரொலியை மட்டும் அனுப்பவில்லை, நேரடி ஒலியின் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்புகிறது. ஆம்புக்குள் ஏற்கெனவே ஒரு நேரடி ஒலி ஓடுகிறது. டிஜிட்டல் பெடல் ஒலியை எண்ணாக்கி மறுபடி ஒலியாக்கச் சிறிது நேரம் எடுக்கும். அது 1 மில்லி செக்கன் என்று வையுங்கள். 500 ஹேர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வந்து, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 1500, 2500 ஹேர்ட்ஸிலும் இதே கதி. 500 ஹேர்ட்ஸ் என்பது முதல் கம்பியின் 7ஆம் ஃபிரெட் பக்கம், கிட்டாரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்குச் சில பெடல்கள் ஒலியைத் தலைகீழாக்கியும் அனுப்பும், அப்போது பேஸும் போய்விடும்.

மருந்து ஒன்றுதான். பெடலில் நேரடி ஒலியை நிறுத்துகிற வசதியைத் தேடுங்கள். ‘கில் டிரை’ என்று போட்டிருக்கும், அல்லது பெடலின் மிக்ஸை முழு ‘வெட்’டில் (எஃபெக்ட் ஒலி மட்டும்) வைக்கலாம். பிறகு ஆம்பின் மிக்ஸில் அளவைப் பிடியுங்கள். அந்த வசதியே இல்லாத பெடல் என்றால் ஆம்பின் மிக்ஸை 100இல் வைத்துப் பாருங்கள். சில ஆம்பில் அது சீரியல் மாதிரியே நடக்கும், சிலவற்றில் நேரடி ஒலி கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும்.

மஸ்கெலியா: பரலல் லூப்பில் எதைப் போடவே கூடாது?

ஈக்யூ, வொலியூம் பெடல், நாய்ஸ் கேட், கம்ப்ரஸர், ட்ரெமலோ. இவை முழு ஒலியையும் கையில் எடுத்தால்தான் வேலை செய்யும். வொலியூம் பெடலைப் பூச்சியத்துக்கு இறக்கியும் சத்தம் போய்க்கொண்டே இருந்தால் யாருக்கு என்ன லாபம்?

பசறை: அப்போ பரலலை ஏன் கண்டுபிடித்தார்கள்?

நியாயமான கோபம். காரணம், உங்கள் நேரடி ஒலி எந்த மலிவான பெடலுக்குள்ளும் போய் மங்க வேண்டியதில்லை. ரிவர்புக்கு (மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கம் தருகிற எஃபெக்ட்) இது பொருத்தமான ஏற்பாடு. 1960களின் ஃபென்டர் பிளாக்ஃபேஸ் ஆம்பில் ஸ்பிரிங் ரிவர்ப் இருப்பதே இப்படித்தான்: நேரடி ஒலி 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, ஸ்பிரிங்கிலிருந்து வருவது அதற்குப் பிறகு வந்து சேர்கிறது. அந்த ரிவர்பைப் பிடிக்காதவர் யார்?

நுவரெலியா: ஐயா, எங்கள் தேவாலயத்து ஆம்ப் மழைக்காலத்தில் திடீரென்று சத்தம் குறைந்து, கரகரத்து, பிறகு தானாகவே சரியாகுது. லூப்பில் ஒன்றுமே போடுவதில்லை. ட்யூப் மாற்றணுமா?

ட்யூபுக்குக் காசு செலவழிக்க முன்னர், சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டி கேபிளைப் போடுங்கள். சீரியல் லூப்பில் ஒன்றும் சொருகாதபோது, ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கிற சின்னத் தகட்டுத் தொடுகை வழியாகத்தான் முழு ஒலியும் போகிறது. உங்கள் ஊர் மூடுபனிக்கு அந்தத் தகடு களிம்பு பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். கேபிள் போட்டதும் சத்தம் திரும்பினால் நோய் அதுதான். ஆம்பின் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு, கொன்டாக்ட் கிளீனரைக் கேபிளின் முனையில் லேசாகத் தொட்டு, ரிட்டர்ன் ஜாக்கில் பலமுறை சொருகி எடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். கரண்ட் நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

தலவாக்கலை: லூப்பில் போட்ட பெடலில் சிவப்பு லைட் எரிந்து, ஒலி கிழிகிறது அண்ணா.

சென்ட் லெவல் கூடிவிட்டது. ரேக் கருவிக்கான (ஸ்டூடியோ அடுக்கில் பொருத்துகிற கருவி) ஒலி அளவான +4 டிபியு என்பது 1.23 வோல்ட், −10 டிபிவி 0.316 வோல்ட் மட்டுமே, கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஆம்புக்குப் பின்னால் லெவல் சுவிட்ச் இருந்தால் −10க்கு மாற்றுங்கள்.

ஹப்புத்தளை: புதிதாக வாங்கப் போகிறேன் சேர். எதைப் பார்க்க?

பெடல் போர்ட்டில் வாசிக்கிற ஆளுக்கு என் ஓட்டு சீரியலுக்குத்தான். ஃபென்டர் ஹாட் ரொட் டிலக்ஸில் ‘பிரீஆம்ப் அவுட்’, ‘பவர் ஆம்ப் இன்’ என்று இருப்பது சீரியல் லூப்தான், பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டுவந்தால், அது 120 வோல்ட் ஆம்பா என்று பின்பலகையைப் படித்த பிறகே நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகுங்கள்.