வாசகர் கேள்வி பதில்: விரல் வெடிப்புக்கு திராட்சை விதை எண்ணெய் கேக்குமா?

பூம்பாறை வாசகி: அக்கா, நான் மலைப்பூண்டு உரிக்கிற வேலைக்குப் போறேன். மார்கழி பொறந்தா மூஞ்சி, கையெல்லாம் வெள்ளை பூத்து வறண்டு போகுது. இடது கையில கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனி வெடிச்சு ஒரே எரிச்சல், சோறு பிசையுற வலது கையா இருந்தா இன்னும் கஷ்டம்னு அம்மா சொல்லுது. கொடைக்கானல் கடையில திராட்சை விதை எண்ணெய் தடவச் சொல்றாங்க, வாங்கலாமா?

மூஞ்சிக்கு வாங்கலாம்மா. விரலுக்கு அது மருந்து இல்ல.

முதல்ல மூஞ்சி. இந்த எண்ணெய்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் லினோலெயிக் அமிலம்ங்கிற கொழுப்புச் சத்துதான், நம்ம மேல்தோல்ல ஈரம் வெளிய போகாம அடைச்சு வைக்கிற கொழுப்புக்கு இது வேணும். பிசுபிசுப்பும் கம்மி. தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைஞ்சிடும், உங்க ஊர்ல காலையில பாட்டிலை அடுப்போரம் வச்சு இளக்கித்தானே தடவுறீங்க, இது அந்தக் குளிர்லயும் தண்ணியா ஊத்தும். ஆனா வறண்ட தோல்ல தேய்ச்சா மினுமினுன்னு இருக்குமே ஒழிய பிரயோஜனம் இல்ல, ஏன்னா எண்ணெய்ல தண்ணி கிடையாது. குளிச்சிட்டு துண்டால ஒத்தி எடுத்த ஈரத்தோட மூணு நாலு சொட்டு உள்ளங்கையில தேய்ச்சு மூஞ்சில அழுத்தி விடுங்க. அதுக்கு முன்னாடி முழங்கை மடிப்புல ஒருநாள் தடவி அரிக்குதான்னு பாத்துக்குங்க. வெயிலுக்கு இது காவல் இல்ல, மலையில குளிரா இருந்தாலும் வெயில் சுடும், அதுக்கு சன்ஸ்கிரீன் வேற போடணும்.

இப்ப விரல். நீங்க "இடது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல்"னு எழுதினதைப் படிச்சதும் எனக்கு பூண்டு மேலதான் சந்தேகம் வந்துச்சு. கத்தி வலது கையில, பல்லைப் பிடிக்கிறது இடது கையில, அப்போ சாறு படுறது அந்த ரெண்டு மூணு விரல் நுனியிலதானே? பூண்டுல இருக்குற டைஅல்லைல் டைசல்ஃபைடுங்கிற கந்தகப் பொருள் சிலருக்கு அலர்ஜி ஆகி இதே இடத்துலதான் வெடிக்கும். சாதா ரப்பர் கிளவுஸ்ல கூட அது ஊடுருவி உள்ள வந்துடும், அதனால கிளவுஸ் போட்டும் ஆறலையேன்னு உங்களை நீங்களே நொந்துக்காதீங்க. ரெண்டு வாரம் உரிக்கிறதை விட்டுட்டு மூட்டை கட்டுற வேலை, எடை போடுற வேலைன்னு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. ராத்திரி வாசலினை கெட்டியா அப்பி பழைய காட்டன் துணி சுத்திப் படுங்க. வெடிப்புல எலுமிச்சை எல்லாம் தேய்க்கவே தேய்க்காதீங்க. தோல் டாக்டர்கிட்ட காட்டும்போது பூண்டு வேலைன்னு மறக்காம சொல்லுங்க, அதைச் சொல்லாம போனா குளிர் வெடிப்புன்னு கிரீம் எழுதிக் குடுத்து அனுப்பிடுவாங்க.

தாண்டிக்குடி வாசகர்: கம்பம் பன்னீர் திராட்சை கொட்டையில வீட்டுலயே எண்ணெய் எடுக்கலாமா? சமையலுக்கு ஆகுமா?

கட்டுப்படி ஆகாது தம்பி. ஒரு கிலோ பழத்தைப் பிழிஞ்சா கொட்டை ஒரு கைப்பிடிதான் தேறும், காஞ்ச கொட்டையிலயே எண்ணெய் பத்துல ஒரு பங்கு, நல்லா இருந்தா அஞ்சுல ஒரு பங்கு. ஒயின் போடுற நாடுகள்ல கொட்டை டன் கணக்குல மிஞ்சுறதால அங்க ஆலை ஓடுது. கொட்டையை மிக்ஸில அரைச்சு தேங்கா எண்ணெய்ல காய்ச்சினா அது திராட்சை விதை எண்ணெய் ஆகிடாது.

சமையலுக்கு ஆகும், ஆனா நீங்க ஏற்கனவே சூரியகாந்தி எண்ணெய் ஊத்துறீங்கன்னா ரெண்டும் ஏறக்குறைய ஒரே ஜாதி, அத்தனை காசு போட வேண்டாம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுறதுக்கு இது சுத்தமா ஒத்து வராது. மூடியைத் திறந்தா இருட்டுல வைங்க, காறல் வாடை வந்தா கீழ ஊத்திடுங்க.

பண்ணைக்காடு வாசகி: அப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். திராட்சை விதை கேப்சூல் குடுக்கலாமா?

நீங்களா குடுக்காதீங்கம்மா. கேப்சூல்ல இருக்குறது பெரும்பாலும் எண்ணெய் இல்ல, விதையோட சாரம். புரோஆந்தோசயனிடின்னு பெருமையா சொல்ற சத்து எண்ணெயோட வராது, பிழிஞ்ச புண்ணாக்குலயே தங்கிடும், அதைப் பிரிச்செடுத்துத்தான் கேப்சூல் ஆக்குறாங்க. அது அந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு கூட வாய்ப்பு இருக்கு. டப்பாவை அப்படியே எடுத்துட்டுப் போய் மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.