8 ஆட்டம் வென்ற அயோவாவை விட்டுவிட்டு 7 வென்ற மிச்சிகனுக்கு நல்ல பவுல் ஆட்டம் கொடுத்தது ஏன்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பவுல் தேர்வு எப்படி நடக்கிறது?

பவுல் என்பது பருவம் முடிந்ததும் அழைக்கப்பட்ட இரண்டு அணிகள் மோதும் ஒற்றை ஆட்டம். கேள்வி 2024 பருவத்தைப் பற்றியது. அயோவா 8-4 (8 வெற்றி, 4 தோல்வி), மிச்சிகன் 7-5. இரண்டும் பிக் டென் கான்ஃபரன்ஸ் அணிகள் (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் கூட்டமைப்பு). கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை மட்டும் எடுத்தாலும் அயோவா 6-3, மிச்சிகன் 5-4. அப்படியிருந்தும் டிசம்பர் 31 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பாவில் நடந்த ரிலையாக்வெஸ்ட் பவுலுக்கு மிச்சிகன் போனது. அயோவாவுக்குக் கிடைத்தது முந்தைய நாள் நாஷ்வில்லில் நடந்த மியூசிக் சிட்டி பவுல். அயோவா ரசிகருக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் இதில் எந்த விதியும் மீறப்படவில்லை.

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு வெளியே உள்ள பவுல் ஆட்டங்களை வெற்றிக் கணக்கு பார்த்து யாரும் ஒதுக்குவதில்லை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு சீட் கொடுக்க இது பொறியியல் கவுன்சலிங் இல்லை. ஒவ்வொரு பவுலையும் நடத்துவது ஒரு தனி அமைப்பு. சிலவற்றை உள்ளூர்க் குழுக்கள் நடத்துகின்றன, பலவற்றை இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் துணை நிறுவனமே சொந்தமாக வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஸ்டேடியம் நிரம்ப வேண்டும், ஊர் ஹோட்டல்களுக்கு ஆள் வர வேண்டும், டிவியில் கூட்டம் பார்க்க வேண்டும். எந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து அணி வரும் என்பது பல வருட ஒப்பந்தம். அதற்குள் எந்த அணி என்பது பேச்சுவார்த்தை.

டிசம்பர் முதல் வாரத்தில் ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டையில் பெரும்பங்கு, பிளேஆஃபையும் மற்ற பவுல்களையும் ஒரே தட்டில் வைப்பதால் வருகிறது. 2024-லிருந்து பிளேஆஃபில் 12 அணிகள். 13 பேர் கொண்ட தேர்வுக் குழு முதல் 25 இடங்களை வரிசைப்படுத்தும். 2024, 2025 பருவங்களில் மிக உயர்ந்த இடத்தில் இருந்த 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும், அவர்களோடு இன்னும் 7 அணிகளும் உள்ளே போயின. முதல் சுற்று உயர்ந்த இடம் பெற்ற அணியின் சொந்த மைதானத்தில். காலிறுதியும் அரையிறுதியும் ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் ஆகிய ஆறு பவுல்களில். ஆக அந்த ஆறும் இப்போது யார் கெஞ்சினாலும் கிடைக்காதவை. மீதி பவுல்களை அந்தக் குழுவின் 25 அணிப் பட்டியல் கட்டுப்படுத்தாது. "நாங்கள் பட்டியலில் இருக்கிறோம், அவர்கள் இல்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

தகுதிக் கணக்கு எளிது. 12 ஆட்டத்தில் 6 வெற்றி. கீழ்ப்பிரிவான எஃப்.சி.எஸ். அணியை வென்றதில் ஒன்றைத்தான் இந்த 6-ல் சேர்க்கலாம். இரண்டு எஃப்.சி.எஸ். அணிகளோடு ஆட்டம் போட்டிருந்தால் இன்னொரு வெற்றி கணக்கில் வராது. அக்டோபரிலேயே "இன்னும் இரண்டு ஜெயித்தால் போதும்" என்று சொல்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இனி 2024 பிக் டென் கதை. ஒரேகன், ஒஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட், இண்டியானா நான்கும் பிளேஆஃபுக்குப் போய்விட்டன. மேலே நான்கு இடம் காலியானால் கீழே உள்ள எல்லோரும் நான்கு படி ஏறுவார்கள். உங்கள் அணியின் பவுலை ஊகிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கைதான், உங்கள் அணியின் வெற்றிகள் அதற்குப் பிறகு. அடுத்து வருவது ஆர்லாண்டோவின் சிட்ரஸ் பவுல். அது 9-3 இலினாய்க்குப் போனது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. இலினாய் மிச்சிகனை நேரிலேயே 21-7 என்று வென்றிருந்தது. அதற்கடுத்த படியில்தான் ரிலையாக்வெஸ்ட், மியூசிக் சிட்டி, டியூக்ஸ் மேயோ, பின்ஸ்டிரைப் எல்லாம் வருகின்றன. இந்தப் படியில் பவுல்காரர்களும் கான்ஃபரன்ஸ் அலுவலகமும் சேர்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

அங்கே மிச்சிகனுக்கு என்ன சாதகம்? எதிரணியைப் பாருங்கள். எஸ்.இ.சி. என்ற தென்பகுதிக் கான்ஃபரன்ஸிலிருந்து டாம்பாவுக்கு வந்தது அலபாமா, பிளேஆஃபில் ஒரே ஒரு இடத்தில் வாய்ப்பை விட்ட அணி. அதே வருடம் ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் அரையிறுதியில் மிச்சிகன் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27-20 என்று வீழ்த்தி, அடுத்த வாரம் தேசிய சாம்பியனும் ஆகியிருந்தது. அந்த இரண்டு பெயரும் மறுபடி மோதுகின்றன என்றால் எந்தத் தொலைக்காட்சி வேண்டாம் என்று சொல்லும்? போதாக்குறைக்கு நவம்பர் 30 அன்று மிச்சிகன் ஒஹையோ ஸ்டேட்டை அவர்கள் மண்ணிலேயே 13-10 என்று கவிழ்த்தது. தேர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கிடைக்கும் வெற்றிக்கு செப்டம்பர் வெற்றியைவிட விலை அதிகம், ஏனென்றால் அந்தச் சூட்டில்தான் ரசிகர்கள் டிக்கெட் வாங்குவார்கள். (முந்தைய நாள் அயோவாவும் நெப்ராஸ்காவை அதே 13-10 என்று கடைசி நொடி ஃபீல்டு கோலில் வென்றது. அது ஊருக்குள் பேசப்பட்டதோடு சரி.)

களத்தை மட்டும் வைத்துப் பேசினாலும் மிச்சிகன் தரப்பு வெறுங்கையோடு நிற்கவில்லை. அதன் ஐந்து தோல்வியும் டெக்சஸ், வாஷிங்டன், இலினாய், ஒரேகன், இண்டியானாவிடம். ஐந்துமே பவுல் தகுதி பெற்றவை, மூன்று பிளேஆஃப் அணிகள். அயோவா தோற்ற நான்கில் மிச்சிகன் ஸ்டேட்டும் யூ.சி.எல்.ஏ.வும் உண்டு. இரண்டும் 5-7 என்று முடிந்து வீட்டில் உட்கார்ந்தவை. இந்த விவாதத்தில் என் தராசு மிச்சிகன் பக்கம் சாய்வது இதனால்தான், பெயர்ப் பெருமையால் அல்ல. அடுத்த பருவத்தில் அயோவா மறுபடியும் 8-4. இந்த முறை டாம்பா அவர்களுக்கே கிடைத்தது, வாண்டர்பில்ட்டை 34-27 என்று வென்றார்கள்.

ஒரே அணி ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவதைக் கான்ஃபரன்ஸும் பவுலும் கூடியவரை தவிர்க்கும். இதற்கு நல்ல உதாரணம் அதே 2024-ல் ரட்கர்ஸ். நியூ ஜெர்சி அணி, 7-5. பக்கத்திலேயே நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் பின்ஸ்டிரைப் பவுல் இருக்க, அங்கே போனது 6-6 நெப்ராஸ்கா. ரட்கர்ஸ் நாட்டின் மறுகோடியில் ஃபீனிக்ஸில் ரேட் பவுல் ஆடியது. முந்தைய வருடம் ரட்கர்ஸ் பின்ஸ்டிரைப்பில் மயாமியை 31-24 என்று வென்றிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முடிச்சு அவிழும். நெப்ராஸ்காவோ 2016-க்குப் பிறகு பவுல் பக்கமே வராத அணி. அந்த ரசிகர்கள் எங்கே கூப்பிட்டாலும் வரத் தயாராக இருந்தார்கள். ஆனாலும் இது இரும்பு விதி இல்லை. அயோவா 2022-லும் இதே நாஷ்வில் பவுலில்தான் ஆடியது, இரண்டே வருடத்தில் திரும்ப அனுப்பப்பட்டது. அயோவா ரசிகர் உண்மையிலேயே முறையிட ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான், வெற்றி எண்ணிக்கை அல்ல.

எஸ்.இ.சி. ரசிகராக இருந்தால் கணக்கு வேறு. அங்கே சிட்ரஸுக்கு முதல் தேர்வு. அதற்குக் கீழே ஆறு பவுல்கள் ஒரே குளம். அவற்றுக்குள் மேல் கீழ் கிடையாது. பல்கலைக்கழகங்கள் விருப்பத்தைச் சொல்லும், பவுல்கள் ஆசையைச் சொல்லும், கான்ஃபரன்ஸ் அலுவலகம் பிரித்துக் கொடுக்கும். "எங்களைக் கேட்டர் பவுல் கழித்துவிட்டது" என்று அந்தப் பவுலைத் திட்டுவதில் பயனில்லை. முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. நோட்டர் டேம் எந்தக் கான்ஃபரன்ஸிலும் ஃபுட்பால் ஆடாவிட்டாலும், பிளேஆஃப் கிடைக்காத வருடத்தில் ஏ.சி.சி. என்ற கான்ஃபரன்ஸின் பவுல் இடங்களைப் பங்குபோடும். ஏ.சி.சி. ரசிகர்கள் நோட்டர் டேமின் வெற்றி தோல்வியையும் கண்காணிப்பது அதனால்தான்.

இன்னொரு குழப்பம், பேக்-12 என்ற மேற்குப் பகுதிக் கான்ஃபரன்ஸ் உடைந்ததால் வந்தது. யூ.எஸ்.சி., வாஷிங்டன் போன்றவை பிக் டென்னுக்கு மாறினாலும் பழைய பேக்-12 பவுல் ஒப்பந்தங்கள் 2025 பருவம் வரை அவற்றுக்கே பொருந்தின. 2024-ல் 6-6 யூ.எஸ்.சி. லாஸ் வேகஸ் பவுலுக்கும், 6-6 வாஷிங்டன் எல் பாசோவின் சன் பவுலுக்கும் போனது அந்த வழியில். "7-5 ரட்கர்ஸுக்கு வேகஸ் ஏன் இல்லை" என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில். அது பிக் டென் வரிசையில் இருந்த இடமே இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பவுல் கொடுக்கும் தொகை பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் பொதுக்கணக்கில் சேர்ந்து பிரிக்கப்படுகிறது. நல்ல பவுலுக்குப் போன பல்கலைக்கழகம் அதை அப்படியே சட்டைப் பையில் போடுவதில்லை. சில நேரம் கையைச் சுடவும் செய்யும். 2011 ஜனவரியில் ஃபியஸ்டா பவுலுக்குப் போன கனெக்டிகட் 17,500 டிக்கெட்டுகளுக்குப் பொறுப்பேற்றது. பெரும்பகுதி விற்கவில்லை. நஷ்டம் 16 லட்சம் டாலருக்கு மேல். "அவர்கள் ரசிகர்கள் பயணம் செய்வார்கள்" என்ற பேச்சுக்கு பவுல் அலுவலகங்களில் இவ்வளவு எடை இருப்பது இப்படிப்பட்ட கணக்குகளால்.

அப்படியென்றால் கீழ்ப்படி பவுல் எதற்கு? பயிற்சியாளர்களைக் கேட்டால் கூடுதல் பயிற்சி நாட்கள் என்பார்கள், சுமார் 15. அடுத்த வருடம் ஆடப் போகும் இளம் வீரர்களுக்கு அது தனி வசந்தகாலப் பயிற்சி ஒன்றுக்குச் சமம். மூத்த வீரர்கள் கணக்கு வேறு. 2016-ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லெனர்ட் ஃபோர்னெட்டும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டை மனதில் வைத்து பவுலில் ஆடாமல் விலகியபோது பெரிய பேச்சானது. இன்று அது சாதாரணம். அயோவாவின் கேலெப் ஜான்சன் நாஷ்வில்லில் ஆடவில்லை, மிஸூரியிடம் 27-24 என்று தோற்றார்கள். மிச்சிகனிலும் மேசன் கிரஹாம், கோல்ஸ்டன் லவ்லண்ட் விலகினார்கள். ஆனாலும் அலபாமாவை 19-13 என்று வென்றார்கள். மிக மோசமான உதாரணம் 2023-ல் 13-0 என்று முடித்தும் பிளேஆஃபில் விடப்பட்ட ஃப்ளோரிடா ஸ்டேட். பாதி அணி விலகிய பிறகு ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியாவிடம் 63-3. எனவே பவுல் முடிவை வைத்து "பார்த்தீர்களா, தேர்வு சரிதான்" என்று பின்னால் வாதாடுவது வீண். களத்தில் இருந்தது வேறு அணி.

6 வெற்றி அணிகள் போதாத வருடங்களில் 5-7 அணிகளை அழைப்பார்கள். யார் முதலில் என்பதை முடிவு செய்வது ஏ.பி.ஆர். எனப்படும் வீரர்களின் படிப்பு முன்னேற்ற மதிப்பெண். 2015-ல் நெப்ராஸ்கா, மின்னசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் இந்த வழியில் நுழைந்தன, மூன்றும் ஜெயித்தன. 2025-ல் காட்சி தலைகீழ். பிளேஆஃப் கிடைக்காத கோபத்தில் 10-2 நோட்டர் டேம் பவுலே வேண்டாம் என்றது. பயிற்சியாளர் மாற்றத்தில் இருந்த கன்சஸ் ஸ்டேட்டும் அயோவா ஸ்டேட்டும் மறுத்தன, அவற்றின் கான்ஃபரன்ஸான பிக் 12 ஆளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 5-7 அணிகள் பலவும் கையை விரித்தன.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: தேர்வு அறிவிப்பு டிசம்பர் முதல் ஞாயிறை ஒட்டி வரும். அதற்கு முன்பே வாய்ப்புள்ள இரண்டு ஊர்களில் ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் அறை போட்டுவையுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் அறிவிப்புக்குப் பிறகு எடுங்கள். ஆட்ட டிக்கெட்டில் ஒரு சங்கடம் இருக்கிறது. மறுவிற்பனைத் தளத்தில், அதுவும் நடுத்தர பவுலுக்கு, ஆட்டம் நெருங்க நெருங்க விலை விழும். பல்கலைக்கழக ஒதுக்கீட்டில் வாங்கினால் விலை கூட. ஆனால் அந்த விற்பனை எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த வருடம் "இவர்கள் பயணம் செய்வார்களா" என்று பவுல்கள் பேசும். பருவ டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் பல இடங்களில் முன்னுரிமைப் புள்ளியும் சேரும். என் யோசனை, உங்கள் அணி வருடாவருடம் 7, 8 வெற்றியில் நிற்கும் அணி என்றால் ஒதுக்கீட்டிலேயே வாங்குங்கள். பிளேஆஃப் அணி என்றால் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கலாம். டாம்பா, நாஷ்வில் இரண்டும் என்.எஃப்.எல். ஸ்டேடியங்கள், அதனால் 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மேற்படாத ஒளி ஊடுருவும் பையையோ சிறு கைப்பர்ஸையோதான் உள்ளே விடுவார்கள். முதுகுப்பையோடு போனால் காருக்குத் திரும்ப நடக்க வேண்டியதுதான்.