ஒரு நிமிடத்தில் கடந்துபோகும் ஒலிம்பிக் ஜோதியைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா?

கேள்வி: "போட்டிகளைவிட ஒலிம்பிக் ஜோதி ஓட்டத்தைத்தான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்காக வெளிநாடு போகலாமா என்று கேட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற நெருப்புக்காக இவ்வளவு செலவு செய்யலாமா?"

போங்கள்.

"வீட்டில் சிரிக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. என் வீட்டிலும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதில் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய படம் ஒன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் மைதானத்துத் தீக்கொப்பரையில் ஜோதியை ஏற்றிய யோஷினோரி சகாயின் படம். ஹிரோஷிமா மாவட்டத்தில், அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்றே பிறந்தவர். ஜோதியை ஏந்தியபோது வயது 19. அந்த ஒலிம்பிக்கில் அவர் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. "பதக்கம் வாங்கியவனைக் கூப்பிடாமல் இந்தப் பையனைக் கூப்பிட்டார்கள் பார்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த ஆண்டு ஜோதி இஸ்தான்புல், பெய்ரூட், தெஹ்ரான், லாகூர் என்று ஊர் ஊராக வந்து டெல்லியையும் தொட்டுவிட்டுத்தான் கிழக்கே போனது. அப்பா அப்போது கல்லூரி மாணவர். டெல்லி வரை போகக் கையில் காசில்லை. அந்தக் குறை எனக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் நான் டெல்லியில் வேலையில் இருந்தேன். பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஜோதி ஏப்ரல் 17 அன்று டெல்லிக்கு வந்தது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முந்தைய வாரம்தான் லண்டனிலும் பாரிஸிலும் திபெத்தில் சீன ஆட்சியை எதிர்த்த போராட்டக்காரர்களுக்கும் காவலர்களுக்கும் தள்ளுமுள்ளு நடந்திருந்தது. பாரிஸில் ஜோதியை அணைத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது. அதனால் டெல்லியில் ஓட்டத்தை ராஜபாதையில் சுமார் 2.3 கிலோமீட்டருக்குச் சுருக்கிவிட்டார்கள். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. நான் நின்ற தடுப்பிலிருந்து பார்த்தால் காக்கிச் சட்டைகளும் மரங்களும்தான் தெரிந்தன. அறைக்குத் திரும்பி, தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பைப் பார்த்தேன்.

உடனே "அப்படியானால் திபெத்தியர்களைக் குறை சொல்கிறாயா" என்று யாராவது வருவார்கள். இல்லை. ஜோதியை ஏந்த மாட்டேன் என்று மறுத்த கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியாவை நான் மதிக்கிறேன். பாரிஸில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, பறிக்க வந்தவர்களிடமிருந்து பந்தத்தை மார்போடு அணைத்துக் காத்த சீன வாள்வீச்சு வீராங்கனை ஜின் ஜிங்கையும் மதிக்கிறேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியும். அன்று எனக்கு இருந்த வருத்தம் வேறு. ஊர் வழியாகப் போகிற நெருப்பை ஊர்க்காரன் பார்க்க முடியவில்லை என்கிற வருத்தம் அது.

அந்தக் கலவரங்களுக்குப் பிறகு, 2009-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலகம் சுற்றும் ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. இப்போது கிரேக்கத்தில் ஏற்றிய ஜோதி, பெரும்பாலும் போட்டி நடத்தும் நாட்டுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்: அது இனி நம் ஊரைத் தேடி வரப்போவதில்லை, நாம்தான் போக வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். 2012-இல் வேலை நிமித்தமாக மனைவி, ஆறு வயது மகனுடன் இங்கிலாந்தில் இருந்தேன். விமானச் செலவு எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களைப் போகச் சொன்னால் நியாயமில்லை. அந்த ஓட்டம் மே 19 அன்று நாட்டின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் தொடங்கி 70 நாள் நடந்தது. 8,000 பேர் ஏந்தினார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே அட்டவணை வெளியிட்டிருந்தார்கள். நான் மூன்று நாள் விடுப்பு கேட்டேன். "நெருப்பைப் பார்க்கவா?" என்று மேலாளர் இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

முதல் நாள், ஜூலை 9, ஆக்ஸ்ஃபோர்டு. பெரிய ஊர், நகர மையம், மாலை நேரம். அது தவறான தேர்வு. எனக்கு முன்னால் ஐந்து வரிசை ஆட்கள், எல்லோருடைய கையிலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கைப்பேசி. மகனைத் தோளில் ஏற்றினேன். அவன் எதையோ பார்த்தான், நான் எதையும் பார்க்கவில்லை. ஆரவாரம் இடமிருந்து வலமாகப் போனதை வைத்து ஜோதி கடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் பயப்படுகிற "ஒரு நிமிடம்" அதுதான். உண்மையில் அரை நிமிடம்கூட இல்லை.

மறுநாள் ஜோதி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரெடிங் நோக்கிப் போகும் வழியில் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் மழை ஓயவே இல்லை. குடையோடு போய் இரண்டு மணி நேரம் முன்பே நின்றோம். தெருவில் அப்போது ஐம்பது பேர் இருந்திருந்தால் அதிகம்.

ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். பதினாறு வயது இருக்கும். கையில் தங்க நிறத்தில் அணையா விளக்கின் தண்டு போல ஒன்று. எங்களுக்கு நான்கடி தள்ளி நிறுத்திவிட்டு பஸ் போய்விட்டது. அவள் முறை வர இன்னும் இருபது நிமிடம். யாராவது தூக்கிப் பார்க்கிறீர்களா என்று அவளாகவே கேட்டாள்.

இதை எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை: ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது பந்தம் அல்ல, சுடர் மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பந்தம். ஏற்றாத பந்தத்தை வைத்துக்கொண்டு தன் இடத்தில் காத்திருப்பார்கள். அதனால்தான் என்னால் அதைத் தொட முடிந்தது. 800 கிராம் எடை. மூன்று பட்டை கொண்ட வடிவம், 1908, 1948, 2012 என்று லண்டன் மூன்று முறை ஒலிம்பிக் நடத்துவதைக் குறிக்க. உடல் முழுக்க 8,000 துளைகள், ஓட்டக்காரர் ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில். துளைகள் வழியாக உள்ளே எரிவாயு எரியும் பகுதியைப் பார்க்கலாம். சூடு கைப்பிடிக்கு இறங்காமல் துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். மழைத்துளி ஒன்று ஒரு துளையின் விளிம்பில் வந்து நின்றது, உள்ளே விழவில்லை. என் மகன் அதை விரலால் துடைத்துவிட்டான்.

எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாளாம். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியைதான் அவள் பெயரைப் பரிந்துரைத்து எழுதி அனுப்பினாராம்.

இங்கே கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு வகுப்புகள் அட்டவணையில் இருந்தன. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அவற்றில் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைத்ததாக நினைவில்லை. கணக்கு ஆசிரியர் வருவார், "பாடம் முடியவில்லை" என்பார். உடற்பயிற்சி ஆசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். அவருக்கும் எங்களுக்கும் சேர்த்து நடந்த அவமானம் அது என்று அப்போது புரியவில்லை. எங்கள் வகுப்பில் வெறும் காலில் எல்லோரையும் முந்தி ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். அவனுக்காக யாரும் எங்கும் ஒரு வரி எழுதிப் போடவில்லை. பதக்கப் பட்டியலில் நாடு பின்தங்கும்போதெல்லாம் தலையங்கம் எழுதுகிறார்கள். அந்த வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள், அதற்குப் பிறகு எழுதுங்கள். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தங்கள் பிள்ளையிடம் இன்று மாலை கேட்டுப் பார்க்கட்டும்.

சரி. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள். அடுத்து விளம்பரதாரர்களின் வண்டிகள், காதைக் கிழிக்கும் இசையோடு. மகன் காதைப் பொத்திக்கொண்டான். அந்த இரைச்சல் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த வண்டிகள் இல்லாமல் ஓட்டம் நடக்குமானால் நான்தான் முதலில் மகிழ்வேன். அவை போனபின் தெரு சட்டென்று அமைதியானது. வளைவில் ஒரு முதியவர் தெரிந்தார். சாம்பல் நிற உடையில் காவலர்கள் பக்கவாட்டில் ஓடிவந்தார்கள். அவர் ஓடவில்லை, நடந்துதான் வந்தார். எங்கள் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் பந்தத்தில் எரிவாயுவைத் திறந்துவிட்டார்கள். மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. இருவரும் பந்தங்களைச் சாய்த்து நுனியோடு நுனி சேர்த்தார்கள். அந்தக் கணத்தை ஆங்கிலத்தில் முத்தம் என்றே சொல்கிறார்கள். ஒரு நொடி இரண்டு பந்தங்களுக்கும் சேர்த்து ஒரே சுடர். பிறகு அது இரண்டாகப் பிரிந்தது. முதியவரின் சுடர் அணைந்தது, அவளுடையது நின்றது. அவள் ஓடத் தொடங்கினாள். ஏறக்குறைய 300 மீட்டர். நான் கைப்பேசியைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அந்த முதியவர் அணைந்த பந்தத்தோடு எங்கள் பக்கத்திலேயே நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொள்ளும் பஸ் வரும் வரை யாரும் அவரிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அங்கிருந்தே அப்பாவுக்குத் தொலைபேசினேன். மழையில் அணையவில்லையா, பகல் வெளிச்சத்தில் சுடர் தெரிந்ததா, எத்தனை பேர் நின்றீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. பிறகு பேரனிடம் கொடுக்கச் சொன்னார். "தாத்தா, நான் தொட்டேன்" என்றான் அவன். எந்தக் கையால் தொட்டாய் என்று அப்பா கேட்டது எனக்கும் கேட்டது.

மூன்றாம் நாள் சாலிஸ்பரி வரை போனோம். அதற்கு மறுநாள் விடியலில் ஸ்டோன்ஹெஞ்ச் என்கிற பழங்காலக் கல்வட்டத்தில் அமெரிக்க ஓட்டப்பந்தய வீரர் மைக்கேல் ஜான்சன் ஜோதியோடு நிற்கும் படம் வந்தது. அழகான படம். ஆனால் எனக்கு ஜோதி என்றால் அந்தச் சிற்றூரும் அந்த மழைத்துளியும்தான்.

இனி, எனக்கு வழக்கமாக வரும் மறுப்புகள். இந்த ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது 1936 பெர்லின், நாஜிகளின் காலம் என்பார்கள். தெரியும். அந்தப் போட்டியின் அமைப்பாளர் கார்ல் டீம் என்பவரின் யோசனை அது. பழங்கால கிரேக்க ஒலிம்பிக்கில் இப்படி ஓர் ஓட்டமே இல்லை என்பதும் தெரியும். ஆனால் போருக்குப் பின் 1948-இல் முதல் ஓட்டக்காரரான கிரேக்க ராணுவ வீரர், சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பந்தத்தை வாங்கினார். தொடங்கியவர்களிடமிருந்து அந்த நெருப்பை அன்றே பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வழியில் அணைந்தால் தீப்பெட்டியில் ஏற்றுகிறார்கள், எல்லாம் பொய் என்பது இன்னொன்று. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் ஹேரா கோயிலின் முன் குழிவான கண்ணாடியில் வெயிலைக் குவித்து ஏற்றிய நெருப்பைச் சிறு லாந்தர் விளக்குகளில் தனியாகக் காத்துக் கூடவே கொண்டுவருவார்கள். 2012 மே 21 அன்று டெவனில் அணைந்தபோது அந்த மூலச் சுடரிலிருந்துதான் மறுபடி ஏற்றினார்கள். 2013-இல் மாஸ்கோவில் ஒரு காவலர் சாதாரண லைட்டரால் ஏற்றினார், உண்மைதான். அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு மனம் வலித்தது. பொய் என்று தோன்றியிருந்தால் வலித்திருக்காது. 2024 ஏப்ரலில் மேகமூட்டத்தால் கண்ணாடி வேலை செய்யவில்லை. முன்பே ஒத்திகையில் வெயிலில் ஏற்றிவைத்த சுடரைப் பயன்படுத்தினார்கள். அதுவும் வெயிலின் நெருப்புதான்.

உங்களுக்கு: பெரிய ஊரையும் தொடக்க நாளையும் விட்டுவிடுங்கள். வழியில் உள்ள சின்ன ஊரை எடுங்கள். தெரு வாரியான அட்டவணை வெளிவரும் வரை அந்த ஊரில் அறை எடுக்க வேண்டாம். அன்று சாலைகளை அடைத்துவிடுவார்கள், ஆகவே காரை நம்பாமல் ரயிலில் போங்கள். ஒரு மணி நேரமாவது முன்னால் போய், சீருடையில் யாராவது பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் இறங்கும் இடத்தில் நில்லுங்கள்.