வெட்டி எடுத்த தகடும் வேறொரு வண்டியின் ஆர்.சி.யும்

கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர், பொள்ளாச்சியில் வாங்கிய 1971-ஆம் ஆண்டுப் பதிவுள்ள ஃபியட் காரைப் புதுப்பிக்கப் பட்டறையில் விட்டிருக்கிறார். துருவேறிய பகுதியை மாற்றிய டிங்கர், வண்டியின் அடையாளமான சேஸிஸ் எண் பொறித்த தகட்டையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டார். எண்ணில் பாதி தேய்ந்துபோயிருக்கிறது. ஓடாமல் கிடக்கும் இன்னொரு ஃபியட்டின் ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தை வாங்கி, அந்த எண்ணை இதில் பஞ்ச் அடித்து, பாலக்காட்டுச் சித்தூர் அலுவலகத்தில் கேரளப் பதிவான கே.எல். 70 எண்ணே வாங்கித் தருகிறேன் என்கிறார் தரகர். செய்யலாமா என்பது கேள்வி.

செய்யக் கூடாது. அது பதிவு அல்ல, ஆள்மாறாட்டம். அந்த இன்னொரு வண்டி திருட்டு வண்டியாக இருந்தால், தரகர் கைபேசியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உலோகத்தில் எண்ணைப் பொறிக்கும்போது அதன் அடியில் உள்ள பகுதியும் நெரிந்துவிடுவதால், மேற்பரப்பைத் தேய்த்து அழித்த பிறகும் அமிலக் கரைசல் பூசி மறைந்த எண்ணை வெளிக்கொணரத் தடய அறிவியல் ஆய்வகத்தால் பல சமயம் முடிகிறது. பட்டறையில் சுத்தியலால் அடித்த எழுத்துகள் வரிசை பிசகி நிற்பதைப் பழகிய ஆய்வாளர், எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரிண்ட்டிலேயே கண்டுகொள்வார்.

தரகரிடம் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30-ஆம் படிவங்கள் (உரிமை மாற்றப் படிவங்கள்) இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் உடனே விலகுங்கள். அந்த வெற்றுப் படிவங்கள் எத்தனை கை மாறினாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

சரியான வழி பொள்ளாச்சியில்தான் தொடங்குகிறது. மூலப் பதிவேடு அங்கு இருப்பதாகக் கொண்டு சொல்கிறேன்: ஆர்.சி. நகல், பட்டறை ரசீது, தகட்டின் படங்கள் ஆகியவற்றுடன் அதே எண்ணை மீண்டும் பொறிக்க எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். வண்டியையும் திருட்டு வாகனப் பதிவுகளையும் பார்த்த பிறகே அனுமதி வரும். எல்லை தாண்ட என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்பது அதன் பிறகுதான், ஏனெனில் அதற்கான 28-ஆம் படிவத்திலும் சேஸிஸ் பிரிண்ட் ஒட்ட வேண்டும். எண் இல்லாமல் என்.ஓ.சி. இல்லை, வண்டியைக் கொண்டு வந்து காட்டாமல் எண்ணுக்கு அனுமதி இல்லை, வண்டியோ நான்கு துண்டாகப் பட்டறையில் கிடக்கிறது. பழைய வண்டிகளுக்குப் 17 எழுத்து எண் கிடையாது என்பதைக் கணினிக்கு விளக்க ஒரு நாள் போகும். இரண்டு மாநில அலுவலகங்களும் ஒரே சட்டத்தைத்தான் படிக்கின்றன என்று நம்புவதற்கு எனக்கே சில நாள்களில் சிரமமாக இருக்கிறது.

இன்ஜின் விஷயம் வேறு. இதில் பலர் குழம்புவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். இன்ஜின் தேயும் பொருள். பழுதாகும், மாற்ற நேரும். பதிவு அலுவலரின் அனுமதி பெற்று அதே வகை இன்ஜினை ரசீதுடன் வாங்கிப் பொருத்தினால், புது எண் ஆர்.சி.யில் ஏறும். ஆனால் காயலான் கடையில் ரசீதில்லாமல் வாங்கிய இன்ஜின், அனுமதிக்கு முன்பே பொருத்திய இன்ஜின், வேறு நிறுவனத்து டீசல் இன்ஜின் ஆகியவை இந்தச் சலுகைக்குள் வாரா. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பாகவே வாசித்தது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேஸிஸ் எண்ணோ வண்டியின் அடையாளமே. அதற்கு மாற்று எண் கிடையாது.

பழம்பெரும் (விண்டேஜ்) வண்டிகளுக்கான ‘வி.ஏ.’ எண் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் தரகர் சொல்லக்கூடும். 2021 ஜூலை விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டிக்கு மட்டுமே அது உண்டு. சேஸிஸையோ உடலையோ பெரிதாக மாற்றியிருந்தால் கிடையாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே ஓட்டலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விட முடியாது.

வெட்டிய தகட்டை இன்றே பட்டறையிலிருந்து வாங்கிவிடுங்கள். தேய்க்கவோ, பட்டி பூசவோ, வெல்டிங் வைக்கவோ டிங்கரை விடாதீர்கள். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, ஆர்.சி.யுடன் உங்கள் வீட்டு அலமாரியில் வையுங்கள்.