பழைய டட்சனுக்கு எந்தக் கபின் மவுண்டிங் வாங்கலாம்?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1976ஆம் ஆண்டு டட்சன் 620 பிக்கப் என்னிடம் இருக்கிறது. பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டியிருக்கிறேன், அகன்ற ரயரும் போட்டாயிற்று. பெரும்பாலும் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குத்தான் போய்வரும். நிற்கும்போது டாஷ்போர்ட் எல்லாம் நடுங்குகிறது. வலது கதவை அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது. கபினுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் இடையில் இருக்கும் கபின் மவுண்டிங்கை மாற்றச் சொல்கிறார்கள். ஒரு கடையில் றப்பர் இருக்கிறது, இன்னொரு கடையில் பொலியூரித்தேன். கராஜில் அலுமினியக் கட்டை கடைந்து தருகிறோம் என்கிறார்கள். எதை வாங்குவது?
– கோண்டாவில் வாசகர்

பதில்: றப்பரையே வாங்குங்கள். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது பெற்றோல் எஞ்சினைவிட அதிகம் உதறும். அந்த உதறல் சேஸிஸுக்கு வந்துவிட்டால், அது கபினுக்குள் ஏறாமல் தடுக்க இருப்பது இந்த மவுண்டிங்குகள் மட்டுந்தான். கபினுக்குப் போடும் றப்பர், கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் பொதுவாக 50 முதல் 70 வரை இருக்கும். கடையில் கிடைக்கும் பொலியூரித்தேன் பெரும்பாலும் 80க்கு மேல். எண் கூடினால் கடினம் கூடும், அதிர்வும் அதிகம் கடக்கும். அலுமினியம் பந்தய வண்டிக்குரியது. பாரம் ஏற்றி, குழி விழுந்த ஒழுங்கையில் போகும் வண்டியில் சேஸிஸ் முறுகும்போதெல்லாம் கபினும் சேர்ந்து முறுகும். கண்ணாடி மூலையிலும் கதவுத் தூணிலும் தகடு வெடிக்கத் தொடங்கும். அப்பாவின் வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள்.

பொலியூரித்தேன் கூடாத சாமான் என்று சொல்லவில்லை. எண்ணெய் படும் இடத்தில் அதுதான் நின்றுபிடிக்கும். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களுக்கு, எண்ணெய் ஊறிய றப்பர் எப்படி ஊதிப் பிசுபிசுத்துப் போகும் என்று தெரியும். டீசலும் அப்படித்தான். ஆகவே எஞ்சினில் ஒழுக்கு இருந்தால் அதை அடைத்துவிட்டு றப்பருக்குக் காசைக் கொடுங்கள்.

ஆனால் கடைக்குப் போகமுன் ஒன்று பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒரு கையைச் சேஸிஸிலும் மற்றக் கையைக் கபின் தளத்திலும் வையுங்கள். சேஸிஸே கடுமையாக நடுங்கினால் முதல் குற்றவாளி எஞ்சின் மவுண்டிங். டீசல் எஞ்சினைப் பழைய பெற்றோல் எஞ்சினின் மவுண்டிங்கிலேயே இருத்தியிருந்தால் கபினுக்கு என்ன போட்டாலும் நடுக்கம் முழுதாக அடங்காது.

கதவு விஷயம் வேறு. அந்தப் பக்க மவுண்டிங் அமிழ்ந்து கபின் சரிந்திருக்கலாம், அல்லது கபினைத் தாங்கும் தகடு கறள் பிடித்து இறங்கியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரால் அந்தத் தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் ஒட்டு வேலை, மவுண்டிங் பிறகு. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் அடிக்கடி போய்வந்த வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். உப்புக் காற்று அந்த மூலைகளைத்தான் முதலில் தின்னும்.

இனி வாங்கும்போது. மவுண்டிங் என்பது ஒரு றப்பர்க் கட்டை மட்டுமல்ல. மேலே ஒரு றப்பர், கீழே ஒரு றப்பர், நடுவில் ஒரு இரும்புக் குழாய், கிண்ணம் போன்ற வோஷர், போல்ட். மேல் றப்பர் பாரத்தைத் தாங்குகிறது. கீழ் றப்பர் கபின் துள்ளி எழும்பாமல் பிடிக்கிறது. சில கடைகளில் மேல் றப்பரை மட்டும் எடுத்துத் தருவார்கள். நான் முன்பு வைத்திருந்த பிக்கப்புக்கு அப்படித்தான் குழாய் இல்லாமல் வாங்கிவந்தேன். போல்ட்டை இறுக்க இறுக்க இறுகிக்கொண்டே போனது, நானும் நல்ல பிடி என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் றப்பர் நசிந்து வோஷருக்கு வெளியே பிதுங்கி, சுற்றிவர வெடித்திருந்தது. குழாய் இருந்தால் போல்ட் குழாயில் முட்டி நிற்கும், றப்பர் அளவோடு மட்டும் அமுங்கும். குழாயின் நீளம் சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல றப்பரும் வீண். பழைய குழாய் கறள் இல்லாமல் இருந்தால் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

றப்பரின் உயரத்தைப் பழையதை வைத்து அளக்காதீர்கள். அது எத்தனையோ வருடம் அமுங்கிக் கிடந்தது. உயரம் பிழைத்தால் ஸ்டியரிங் தண்டும் கியர்த் தண்டும் இடிக்கும். முன் மவுண்டிங்கும் பின் மவுண்டிங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லை, எனவே அந்த மாடலுக்குரிய முழு செட்டாக எடுங்கள். ஸ்டான்லி வீதிக் கடைகளில் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுப்பிக்கலாம். நகத்தால் அழுத்தி எடுத்தால் தடம் நிற்காமல் உடனே மறைய வேண்டும். ஓரத்தில் மணல்போல் உதிர்ந்தால் அது பழைய ரயரை அரைத்து வார்த்தது, வேண்டாம். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்றுச்சீட்டில் மாடலையும் 'முழு செட், குழாயுடன்' என்பதையும் எழுதுவித்து வாங்குங்கள். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு முறையிடலாம்.

அப்புறம், புது றப்பர் போட்டபின் விளக்கு மங்கினால் பயப்பட வேண்டாம். கபினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் வயர் அறுந்திருக்கும். இவ்வளவு நாளும் நசிந்துபோன மவுண்டிங்கின் போல்ட்தான் அந்த வேலையைச் செய்திருக்கும். புது வயர் ஒன்று போட்டுவிடுங்கள்.

கேள்வி: லொறி ரயரை வட்டமாக வெட்டி வைத்தால் போதாதா?
– நெல்லியடி வாசகர்

பதில்: சாமான் வராத காலத்தில் நம்மவர்கள் அப்படித்தான் வண்டிகளைக் காப்பாற்றினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ரயருக்குள் நூலும் கம்பியும் படை படையாக இருப்பதால் அது றப்பர்போல் அமுங்காது, நாளடைவில் படை பிரியும். சரியான செட் வரும்வரை ஒரு கிழமை வைக்கலாம், குழாயோடு, பாரம் ஏற்றாமல்.