மார்க்கெட்டிங் வேலைக்குத் தொழில் மதிப்பு: பட்டமா, பதிவேடா?

கேள்வி: கோவையில் வேளாண் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக மார்க்கெட்டிங் பிரிவில் பணியாற்றி, இப்போது மேலாளராக இருக்கிறேன். எம்.பி.ஏ. படித்திருந்தும், ஆடிட்டருக்கும் பொறியாளருக்கும் கிடைக்கும் மதிப்பு எங்கள் பிரிவுக்குக் கிடைப்பதில்லை. 'பாதி மின்சாரம் மிச்சம்' என்று விளம்பரத்தில் போடச் சொல்கிறார்கள். தயங்கினால் விற்கத் தெரியாதவன் என்கிறார்கள். வெளிநாட்டுப் பட்டயத் (சார்ட்டர்டு) தகுதி ஒன்றைப் பெற்றால் இந்த நிலை மாறுமா? என் கீழ் இருக்கும் எட்டுப் பேரின் தரத்தை உயர்த்த எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே ஆடிட்டரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். பட்டயக் கணக்காளர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டமும், வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. அவர்களுடைய பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. தவறு செய்தால் அந்தப் பெயரை நீக்கும் அதிகாரமும் ஓர் அமைப்பிடம் இருக்கிறது. ஆடிட்டர் ஒரு கணக்கில் கையெழுத்திட மறுத்தால் முதலாளி அதைக் குணக்கேடாகக் கருதுவதில்லை, ஏனெனில் அந்த மறுப்புக்குப் பின்னால் அவருடைய தொழிலின் விதிகள் நிற்கின்றன. நம் தொழிலுக்கு இந்தியாவில் அத்தகைய சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. நேற்று விசிட்டிங் கார்டு அடித்தவரும் மார்க்கெட்டிங் ஆலோசகர்தான். ஆகவே உங்கள் பிரிவுக்கு இல்லாதது திறமை அன்று. ஆதாரத்தோடு மறுக்கும் உரிமைதான் இல்லை.

பட்டயத் தகுதியைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். பிரிட்டனில் 1911-இல் விற்பனை மேலாளர்கள் சங்கமாகத் தொடங்கிய அமைப்புதான் 1989-இல் அரச பட்டயம் பெற்று, இன்று சார்ட்டர்டு மார்க்கெட்டர் என்ற தகுதியை வழங்குகிறது. ஆண்டுதோறும் தொடர்கல்வியைப் பதிவு செய்து காட்டினால்தான் அந்தத் தகுதி நிலைக்கும். இலங்கையில் 1970-இல் உருவான சந்தைப்படுத்தல் நிறுவனம் 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே கூட்டிணைக்கப்பட்டது. இருந்தாலும், பட்டயம் இல்லாதவர் இத்தொழிலைச் செய்யக் கூடாது என்று பிரிட்டனிலும் தடை இல்லை. ஏற்றுமதிப் பிரிவுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போக எண்ணினால் அந்தப் படிப்பு செலவுக்குத் தகுந்த பயன் தரும்; உள்ளூர் முதலாளி மட்டும் உங்கள் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்து மனம் மாறிவிட மாட்டார். கூகுள் விளம்பரச் சான்றிதழ் போன்றவை ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அவை கருவியைக் கையாளும் திறனுக்கானவை.

உங்கள் மறுப்புக்குத் துணை நிற்கக்கூடியது வேறோர் இடத்தில், நம் நாட்டிலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை அது 2022 ஜூனில் வெளியிட்டது. சரிபார்க்கக்கூடிய எந்தத் தகவலை விளம்பரத்தில் சொன்னாலும், ஆணையம் கேட்கும்போது அதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். தமிழ் விளம்பரம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விதியும் அதில் உண்டு: வாக்குறுதி எந்த மொழியிலோ, அதன் நிபந்தனைக் குறிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக வாக்குறுதியை அச்சிட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் நம் ஊர்ப் பழக்கம் இதன்படி தவறு. இதுபோக, 1985 முதல் இயங்கிவரும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவிடம் உங்கள் போட்டி நிறுவனமே புகார் கொடுக்கலாம்.

இப்போது 'பாதி மின்சாரம் மிச்சம்' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். எதனோடு ஒப்பிட்டால் பாதி? உங்கள் பழைய மாடலோடா, பத்து ஆண்டு ஓடித் தேய்ந்து, இருமுறை காயில் கட்டிய மோட்டாரோடா? பம்பின் திறன் அது எவ்வளவு உயரத்துக்கு நீரேற்றுகிறது என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட ஹெட்டில், அதாவது நீரேற்று உயரத்தில், கிடைத்த எண், விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றில் அப்படியே கிடைக்காது. நீர்மூழ்கிப் பம்ப்செட்டுகளுக்கு ஐ.எஸ். 8034 தரநிலை இருக்கிறது, வேளாண் பம்ப்செட்டுகளுக்கு பி.இ.இ. என்ற மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தரும் நட்சத்திரக் குறியும் உண்டு, சோதித்துப் பார்க்கக் கோவையிலேயே ஆய்வகமும் உண்டு. அளந்து சொல்ல வழி இருக்கும்போது ஊகித்துச் சொல்வதற்கு நியாயமே இல்லை. இன்னும் அடிப்படையான ஒன்று, தமிழ்நாட்டில் வேளாண் மின் இணைப்புக்குக் கட்டணமே கிடையாது. இலவச மின்சாரம் பெறும் விவசாயியிடம் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசும் விளம்பரம், அவரைச் சந்திக்காதவர்கள் எழுதிய விளம்பரம். அவருடைய கவலை, குறைந்த மின்னழுத்தத்தில் காயில் எரியுமா, எரிந்தால் பயிர் வாடுமுன் மெக்கானிக் வருவாரா என்பதுதான். காயில் கட்டும் கடைகளில் உங்கள் ஆட்கள் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த மோட்டார் ஏன் எரிந்து வருகிறது என்று குறித்து வந்தால், பொறியாளருக்கே தெரியாத செய்தி உங்கள் கையில் இருக்கும். மார்க்கெட்டிங் பிரிவுக்கு மதிப்பு வரும் நேர்வழி அதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வாக்குறுதிப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். துண்டுப் பிரசுரம், வானொலி, வாட்ஸ்அப் என எங்கே போவதாக இருந்தாலும், ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே அதன் ஆதாரம், சோதனை நடந்த தேதி, ஒப்புதல் தந்த பொறியாளரின் கையெழுத்து, எந்த மாடலுக்கு எந்த நாள் வரை பொருந்தும் என்பவை இருக்க வேண்டும். பாராட்டிப் பேசும் விவசாயியின் படத்தைப் போட்டால், அவர் அந்தப் பம்பை உண்மையிலேயே பயன்படுத்தியவர் என்பதற்கும் அங்கே சான்று வேண்டும். முதலாளி ஒரு வாசகத்தைப் போடச் சொன்னால் வாய்வார்த்தையாக மறுக்காதீர்கள்; 'இதற்கு இன்ன ஆதாரம் தேவை, சோதனைக்கு இத்தனை நாளாகும், அதுவரை இந்த மாற்று வாசகம்' என்று எழுதிக் கொடுங்கள். அவரிடம் இருப்பது விற்பனைக் கவலை. அதற்கு நீங்கள் மாற்று வழி காட்டினால் பெரும்பாலும் கேட்பார்.

கணக்குப் பிரிவின் மரியாதையைப் பெறுவதற்கு விற்பனை அறிக்கையிலும் இதே நேர்மை வேண்டும். மார்ச் மாதக் கணக்குக்காக டீலர் தலையில் சரக்கை ஏற்றிவிட்டு அதை வளர்ச்சி என்று காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கம்பெனியிலிருந்து டீலருக்குப் போன பிரைமரி விற்பனையையும், டீலரிடமிருந்து விவசாயிக்குப் போன செகண்டரி விற்பனையையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். முதல் மாதம் எண்கள் குறைவாகத் தெரியலாம்; ஆனால் அடுத்த காலாண்டின் உற்பத்தியைத் திட்டமிட அவை தேவைப்படுவதால், உங்களைக் கேட்காமல் திட்டம் போட முடியாத நிலை வரும்.

எட்டுப் பேரைப் பொறுத்தவரை, எத்தனை பம்ப் விற்றார்கள் என்பதை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால் ஐந்து குதிரைத்திறன் போதுமான கிணற்றுக்கு ஏழரையைத் தள்ளிவிடத்தான் செய்வார்கள். பொருத்தமில்லாமல் விற்றுத் திரும்பி வந்த பம்புகளையும் அந்தக் கணக்கில் கழியுங்கள். கண்காட்சிகளில் பரிசுக் குலுக்கலுக்கென்று வாங்கிய கைப்பேசி எண்களுக்கு அதன்பின் விளம்பரம் அனுப்புவதையும் நிறுத்துங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காட்டும் முறை, அந்த அறிவிப்பைத் தமிழிலேயே தரலாம்.

அடுத்த பருவத்துக்கான பிரசுரத்திலிருந்து பதிவேட்டைத் தொடங்குங்கள். டீலர் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய பிரசுரங்களைத் திரும்பப் பெறும் செலவையும், கிராமத்துச் சுவர்களில் இன்னும் 'பாதி மின்சாரம்' என்று எழுதியிருக்கும் இடங்களுக்கு வெள்ளையடிக்கும் செலவையும் இந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே கேட்டுவிடுங்கள்.